வண்டிக்குக் காய்ச்சல் பார்த்த கை

என் வீட்டுக்காரர் லோடு இறக்கிவிட்டு வந்தால் வண்டியை உடனே அணைக்க மாட்டார். நசரத்பேட்டையில் எங்கள் வீட்டை ஒட்டின காலி மனையில் லாரியை ஏற்றி நிறுத்துவார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே மேடாக இருக்கிற பானெட்டு மூடியைத் தூக்குவார். இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தண்ணீர் போய்வர, உள்ளே மணிக்கட்டு கனத்தில் இரண்டு ரப்பர் ஹோஸ் உண்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் ஹோஸின்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு நேரம் கழித்து எடுப்பார். அப்புறம் இறங்கி முன்பக்கமாகக் குனிந்து கீழ் ஹோஸ். அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்புவார், கால் கழுவுவார்.

"சோறு ஆறிப்போவுதுய்யா" என்று நான் வாசலிலிருந்து கத்துவேன்.

"இரும்மே. கை சொல்லட்டும்" என்பார்.

டேஷ்போர்டில் இதற்கென்றே ஒரு மீட்டர் இருக்கிறது. பச்சையும் சிவப்புமாகக் கோடு போட்டு, நடுவில் ஒரு முள். இன்ஜின் எவ்வளவு சூட்டில் ஓடுகிறது என்று அந்த முள் காட்டும். அவரும் அதைப் பார்ப்பார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்ன சேதி மாதிரிதான் அதை வைத்துக்கொள்வார். "அது சொல்லிச்சி, செரி. நாம ஒரு தபா பாக்க வாணாவா?" என்பார்.

கல்யாணமான புதிதில், அப்படி என்னதான் சொல்கிறது உங்கள் கை என்று கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. மேல் ஹோஸ் நல்ல சூடாகவும் கீழ் ஹோஸ் அதைவிட மட்டாகவும் இருந்தால், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்புகிறது, வண்டி சுகம். மேலே கொதித்து, கீழே பச்சைத்தண்ணீராக இருந்தால் எங்கேயோ அடைப்பு. இரண்டுமே ஜில்லென்று இருந்தால், இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரைப் பிடித்துவைக்கிற வால்வு மூடாமல் திறந்தே கிடக்கிறது.

"ஜில்லுனு இருந்தா நல்லதுதானேய்யா? இந்த ஊரு வெயில்ல?"

"அதான் அல்லாரும் பண்ற தப்பு. ரொம்ப ஜில்லுனு கீறதும் சீக்குதான் மே. டீசல் ஒயுங்கா எரியாது. இயுவ இருக்காது. உள்ள தேஞ்சிகினே போவும். மனுசனுக்கு ஒடம்பு ஜில்லுனு பூட்டா இன்னான்னு சொல்லுவ?"

"யோவ், சாப்புடற நேரத்துல" என்றேன்.

அதே கைதான் எங்கள் பெண்ணின் நெற்றிக்கும். அவள் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவதற்காகப் போர்வைக்குள் முனகினால், அந்தக் கை வந்து நெற்றியில் உட்காரும். "டெம்பரேச்சர் கரெக்டா கீது. வண்டிய எடு" என்பார். அவள் முணுமுணுத்துக்கொண்டே பையை மாட்டுவாள். நிஜமாகவே காய்ச்சல் என்றால் கை எடுக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். எனக்கும் அப்படித்தான். எனக்கு மாத்திரை பாதி குணம் என்றால் அந்தக் கை பாதி குணம். சோப்பும் டீசலும் கலந்து வாசனை அடிக்கும், காய்ப்புக் காய்த்துக் கரடாக இருக்கும், ஆனால் வந்து உட்கார்ந்தால் எழுந்து போகச் சொல்ல மனசு வராது.

இத்தனை வருஷத்தில் அவர் வண்டி ஒருமுறைகூடத் தண்ணீர் கொதித்து ரோட்டோரம் நின்றதில்லை. சூட்டில் உள்ளே இறுகி இன்ஜின் பிடித்துக்கொண்டதில்லை. எங்களுக்கு இருப்பது அந்த ஒரே வண்டி. அவருக்கு இருக்கிற பெருமையும் அந்த ஒன்றுதான்.

கொரோனா அடங்கி ஆட்கள் முகமூடியைக் கழற்றின பிறகு வந்த ஒரு சித்திரை. வெயில் எப்படி இருந்தது என்று நான் சொல்வதைவிட, எங்கள் தெருமுனையில் டீக்கடை போட்டிருக்கிற அம்மா சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். "வெயிலு ஊட்டு மாப்ள மாதிரி ஆயிட்ச்சி. காலங்காத்தால வந்து குந்திகினு ராத்திரி சோறு துன்ட்டுதான் போவுது" என்றாள். நான் எட்டாவதோடு நின்றவள். கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்தவள். ஆனாலும் இந்த மாதிரி வாயிலிருந்து விழுகிற பேச்சுத்தான் எனக்கு மனசில் ஒட்டும்.

அந்த வெயிலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றின லோடை ஸ்ரீபெரும்புதூரில் இறக்கிவிட்டு வந்தவர், ஹோஸ்மேல் கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"இன்னாய்யா?"

"வண்டி ஜில்லுனு கீது."

எட்டிப் பார்த்தேன். "முள்ளு நடுவுலதானே நிக்குது?"

"முள்ளு பொய் சொல்லுது" என்றார்.

மறுநாள் வண்டி பூந்தமல்லி மேஸ்திரியின் ஷெட்டுக்குப் போனது. எங்கள் வண்டியை ஆதியிலிருந்து பார்க்கிறவர் அந்த மேஸ்திரி. அன்றைக்கு எனக்கும் மார்க்கெட்டில் வேலை இருந்ததால் நானும் வண்டியிலேயே போயிருந்தேன். மேஸ்திரி வால்வைக் கழற்றி, பக்கத்து டீக்கடைப் பாத்திரத்தில் தண்ணீரோடு போட்டு அடுப்பில் வைத்தார். தண்ணீர் நன்றாகச் சூடேறினதும், மீன் வாய் திறப்பது போல வால்வு திறந்தது. பச்சைத்தண்ணீரில் போட்டதும் மூடிக்கொண்டது. "நல்லாதான் கீது" என்றார். இருந்தாலும் எங்கள் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் புது வால்வு ஒன்றைப் போட்டார். முள்ளுக்குப் போகிற ஒயரையும் மாற்றினார். இன்ஜினை ஓடவிட்டார்.

என் வீட்டுக்காரர் கையை வைத்தார். "ஜில்லுனுதான் கீது."

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அண்ணாத்தே, பயசும் நல்லா கீது, புச்சும் நல்லா கீது. இன்னும் இன்னா பண்ணச் சொல்ற? இன்ஜின கயட்டி கோயில்ல வெச்சி மந்திரிச்சிகினு வரட்டா?"

"கை சொல்லுதுப்பா."

மேஸ்திரி உள்ளே போய்த் துப்பாக்கி மாதிரி ஒன்றை எடுத்து வந்தார். கொரோனா சமயத்தில் கடைக்குக் கடை நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அதற்கு அண்ணன் மாதிரி இருந்தது. ஹோஸ் போய்ச் சேருகிற இரும்பு முட்டிக்கு நேராக நீட்டி அமுக்கினார். "எம்பத்தேயு! பாத்துக்கோ. இந்த வண்டிக்கு இத்தவிட கரெக்டான சூடு கெடையாது."

"அந்தத் துப்பாக்கி கொரோனா டைம்ல எனக்கு முப்பதுன்னு காட்னுச்சி. முப்பதுன்னா நான் செத்து ஐஸ் பொட்டில படுத்துகினு இருந்திருக்கணும். அத்தப் போயி நம்பிகினு கீற."

ஷெட்டில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் என் பக்கம் திரும்பி, "அண்ணி, இட்டுகினு போங்க. வண்டிக்கு ஏறாத ஹீட்டு எனக்கு ஏறிகினு கீது" என்றார்.

அன்று வீட்டுக்குள் நுழைந்தவரின் காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

"இன்னோண்ணு எங்கய்யா?"

அவர் குனிந்து காலைப் பார்த்தார். அவருக்கே ஆச்சரியம். போய்ப் பார்த்தால் அது வண்டியில், கிளட்ச் பெடலுக்குக் கீழே கிடந்தது. மண்டைக்குள் வண்டி ஓடிக்கொண்டிருந்தால் காலில் செருப்பா நிற்கும் என்று நான் சிரித்தேன். டீக்கடை அம்மாவிடம் சொன்னபோது, "பாவம், நட்ந்து நட்ந்து அதுக்கும் பேஜாராயி எறங்கிக்கிச்சி போல" என்றாள். அதற்கும் சிரித்தோம்.

அதற்கு அடுத்த நாள்தான் அட்டை வந்தது. எதிர்வீட்டில் புது ஃப்ரிட்ஜ் வாங்கியிருந்தார்கள். அந்தப் பெட்டி அட்டையைக் கேட்டு வாங்கி, அளவாக வெட்டி, ரேடியேட்டருக்கு முன்னால் வைத்துக் கம்பியால் கட்டினார். வயசுக் காலத்தில் அவர் வடக்கே லோடு போயிருக்கிறார். அங்கே மார்கழிக் குளிரில் இன்ஜின் சூடேறாது. காற்று படாமல் இருக்க டிரைவர்கள் இப்படி அட்டையோ சாக்கோ கட்டுவார்களாம். அங்கே அது சரி. இவர் கட்டினது பூந்தமல்லியில், சித்திரையில், தார் உருகுகிற ரோட்டில்.

லாரி ஸ்டாண்டில் கேட்க வேண்டுமா? பக்கத்தில் நூம்பல் என்கிற ஊர்க்காரர் ஒருத்தர் உண்டு, எல்லாருக்கும் நூம்பல்காரர். வேறொருத்தர் வண்டிக்கு டிரைவர், இவருக்கு ரொம்ப நாள் கூட்டாளி. அவர்தான் ஆரம்பித்தாராம்.

"இன்னா மாமே, வண்டிக்கு ஸ்வெட்டரு போட்டு இட்டாந்துகிற? ஊட்டி லோடா?"

"ஸ்வெட்டர் மட்டும் போதுமா? மங்கி குல்லா எங்க?" என்று இன்னொருத்தர்.

"நைட்டு ஆவி புடிக்க வெய்ப்பா, செரியாப் பூடும்."

இதையெல்லாம் என் வீட்டுக்காரரே வந்து என்னிடம் சொன்னார், சிரிக்காமல். நான் சிரித்தேன். ஆனால் அந்த வாரமே நூம்பல்காரர் இவர் இல்லாத நேரமாகப் பார்த்து வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கிண்டல் இல்லை.

"யக்கா, நேத்து வேலப்பன்சாவடியாண்ட சிக்னல்ல அவன் வண்டி பக்கத்துல நிக்கிறேன். வண்டி மூஞ்சிலேர்ந்து அனலு அடிக்கிது. நான் வெளாட்டுக்கு சொல்லல. அந்த அட்டைய எட்க்க சொல்லு. இன்ஜின் புட்ச்சிகினா அவ்ளோதான். வண்டி போனாக்கூட எப்டியாச்சும் சமாளிக்கலாம். அவன் தாங்கமாட்டான்."

சாப்பிடும்போது நான் அதைச் சொன்னேன்.

"அவன் கை வெச்சிப் பாத்தானா?" என்றார்.

"கை வெச்சிப் பாத்தாத்தானா? அனலு மூஞ்சில அடிச்சிதாம்."

"ரோட்டு அனலா இருக்கும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் அவர் குழம்பிப் போய்ச் சொன்னார். சோற்றில் வைத்த கையை எடுத்து, கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கொதிக்கக் கொதிக்க ரசம் ஊற்றியிருந்தேன். அதை ஊதாமல் பிசைந்திருந்தார் என்பது அப்போது என் கண்ணில் பட்டும் மனசில் படவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து எனக்குக் காய்ச்சல் வந்தது. காலையிலேயே உடம்பு முறுக்கியது. மத்தியானத்துக்குள் போர்வை போட்டும் பல் கிட்டியது. கல்யாணமாகி ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருக்கிற எங்கள் பெண் போனில் என் குரலைக் கேட்டுவிட்டு அவருக்குப் போன் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. வண்டி மனையில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. எப்போதும் பானெட்டு திறக்கிற சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

கை வந்து நெற்றியில் உட்கார்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனிமேல் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல மே. ஜில்லுனுதான் கீது. எய்ந்து ஒரு வாய் காப்பி குடி."

நான் கண்ணைத் திறந்தேன். என் உடம்பு அனலாக எரிகிறது, இந்த மனுஷன் ஜில்லென்கிறார். அழுகை வந்துவிட்டது. "ஏய்யா, நான் இன்னா ஸ்கூலுக்கா மட்டம் போடறேன்?"

அவர் திகைத்துப்போனார். பெண் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தபோது விட்டுப்போன தெர்மாமீட்டர் அலமாரியில் இருந்தது. வேலை முடிந்ததும் கீச்சென்று கத்துமே, அந்தச் சாதி. அதை எடுத்து என் அக்குளில் வைத்தார். அது கத்தினது. எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார். எனக்கும் காட்டினார். நூற்றி இரண்டைத் தாண்டியிருந்தது.

"இதுவும் பொய்..." என்று ஆரம்பித்தார்.

முடிக்கவில்லை. தெர்மாமீட்டரைப் பார்த்தார். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். இடது கையை எடுத்து என் நெற்றியில் வைத்தார். அந்தக் கை அங்கேயே இருந்தது, எடுக்கவே இல்லை, எதையோ தேடுகிற மாதிரி. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் குழந்தையின் கையை விட்டுவிட்ட ஆள் மாதிரி இருந்தார்.

ஒற்றைச் செருப்பு, ஊதாத ரசம், பொய் சொல்கிற முள், எண்பத்தேழு காட்டின துப்பாக்கி என்று எல்லாம் ஒரே சமயத்தில் என் மனசில் வந்து வரிசையாக நின்றன.

"வா" என்றேன்.

"எங்க? நீ படு."

"வாய்யா சொல்றேன்."

போர்வையைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அவர் தாங்கிப்பிடிக்க, பக்கத்து சீட்டில் ஏறினேன். முதலில் கண்ணில் பட்டது முள். நடுவில் இல்லை. சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"இத்த பாத்தியா?"

"ரெண்டு நாளா அப்டித்தான் காட்டுது. பொய் ஜாஸ்தியாயிட்ச்சின்னு நென்ச்சேன்" என்று சின்னக் குரலில் சொன்னார்.

பானெட்டைத் தூக்கினார். குப்பென்று அனல் என் முகத்தில் அடித்தது. அது அவர் முகத்திலும் அடித்திருக்க வேண்டும். ஆனால் சித்திரை மாதத்தில் லாரிக்குள் எந்த அனலை எந்த அனலிலிருந்து பிரிப்பது? அவர் வழக்கம்போலக் கையை நீட்டி ஹோஸைப் பிடித்தார். மாட்டின் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி, சாவகாசமாக.

நானும் பக்கத்தில் என் விரலை வைத்தேன். வைத்த வேகத்தில் "அய்யோ" என்று இழுத்துக்கொண்டேன். விரல் நுனி பற்றி எரிந்தது.

அவர் கை இன்னும் அங்கேயே இருந்தது. அவர் ஹோஸைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"சூடாவா கீது?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கை செக்கச்செவேலென்று இருந்தது.

"எவ்ளோ சூடு மே?"

"நெருப்புய்யா. கை வெக்க முடியல."

அவ்வளவுதான். ஒரே தாவலாகக் கீழே குதித்தார். கம்பியைக்கூட அவிழ்க்கவில்லை, அட்டையைப் பிய்த்து எறிந்தார். எனக்குப் பதற்றம். "அணைச்சிடுய்யா, மூடியத் தொறந்து தண்ணி ஊத்து" என்றேன்.

"தொறக்காத! கொதிக்கிற தண்ணி மூஞ்சில அடிக்கும். அணைக்கவும் கூடாது. டக்குனு நின்னா சூடு உள்ளயே நின்னு கொதிக்கும். சொம்மா ஓடட்டும், காத்து பட்டு எறங்கும்." மேலே ஏறி என் பக்கத்தில் நின்றார். கையை ஹோஸ் பக்கம் கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, பின்னால் கட்டிக்கொண்டார். "நீ பாத்து சொல்லு. லேசா தொட்டுட்டு எட்த்துடு."

போர்வையை இடுக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் விட்டுத் தொட்டேன்.

"இப்ப?"

"நெருப்பு."

முள் அசைந்த மாதிரி தெரிந்தது. இரண்டு பேரும் மூச்சுவிடாமல் அதைப் பார்த்தோம்.

"இப்ப?"

"சோத்துப் பான."

"வடிக்கறப்பவா, வடிச்சப்புறமா?"

"வடிக்கறப்ப."

இன்னும் கொஞ்சம் நேரம். முள் சிவப்பை விட்டு இறங்கி வந்தது. "இப்ப வடிச்சப்புறம்" என்றேன். கையை ஒரு மூச்சு நேரம் வைக்க முடிந்தது. அவர் என்னை இறக்கி முன்பக்கம் கூட்டிப்போனார். குனியவைத்து, காற்றாடிக்குக் கை போகாமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கீழ் ஹோஸைக் காட்டினார். தொட்டேன்.

"கொயந்தைக்கு ஊத்தற தண்ணி மாதிரி கீது."

அவர் நீளமாக மூச்சு விட்டார். "அப்ப சரியா கீது" என்றார். போய்ச் சாவியைத் திருப்பினார். திடீரென்று எல்லாம் அமைதியானது. வண்டி பிழைத்தது. வால்வும் முள்ளும் மேஸ்திரியும் துப்பாக்கியும் ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

டேங்கிலிருந்து குழாயில் வருகிற தண்ணீரும் அந்த நேரத்தில் சுடும் என்பதால், பானைத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு அவர் உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். கொப்புளம் எழும்பத் தொடங்கியிருந்தது. அவருக்கு வலிக்கவில்லை. வலித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எப்பலேர்ந்துன்னு தெரியல மே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வண்டி பூட்டும். உன் நெத்தி தெரியலியே எனக்கு" என்றார்.

நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

என் காய்ச்சல் இறங்கினதும் பூந்தமல்லியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை. எத்தனையோ வருஷமாக உள்ளே இருந்து கை கால் உணர்ச்சியைத் தின்றிருக்கிறது, நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. டாக்டர் அம்மா அவரைப் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார்.

"எங்க தொடறேன்னு சொல்லுங்க."

"தொடுங்க, சொல்றேன்" என்றார் இவர்.

டாக்டர் அம்மா அதற்குள் நாலு இடத்தில் தொட்டு முடித்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. என்ன வேலை என்று கேட்டார். லாரி ஓட்டுகிறேன் என்றதும் நரம்பைக் கீழே வைத்தார். மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இருந்தால் இதற்குமேல் போகாமல் பார்க்கலாம், போனது எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது, ஆனால் இந்தக் காலை வைத்துக்கொண்டு லாரி ஓட்டக்கூடாது என்று நிதானமாகச் சொன்னார். "உங்களுக்கு மட்டும் இல்லைங்க. ரோட்ல போறவங்களுக்கும்."

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தோம். எங்கள் பஸ் வந்தது, போனது. அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு, யாரிடமோ சொல்வது மாதிரி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கொஞ்ச நாளா பெடல் மேல கால் கீதான்னு குனிஞ்சி பாத்துதான் மிதிக்கிறேன். தூக்கம் பத்தலன்னு நென்ச்சிகினேன்."

அந்தக் காலோடு அவர் எத்தனை சிக்னல், எத்தனை பள்ளிக்கூட வாசல் தாண்டி வந்திருப்பார்! அவருக்கும் அதுதான் மனசில் ஓடியிருக்க வேண்டும். அடுத்த பஸ் வருவதற்குள் நூம்பல்காரருக்குப் போன் போட்டுவிட்டார்.

அவர் வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் சாவியை மேஜையில் வைத்து, அவர் பக்கமாக நகர்த்தினார். நூம்பல்காரர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாசல்வரை போய், திரும்பினார்.

"ஓட்டறேன் மாமே. ஆனா ஸ்வெட்டர் மட்டும் போட மாட்டேன், இப்பவே சொல்ட்டேன்."

என் வீட்டுக்காரர் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

இப்போது லோடு பேசுவது, கம்பெனிக்காரர்களோடு போனில் மல்லுக்கட்டுவது, வண்டிக்கு வேண்டியதைப் பார்ப்பது எல்லாம் அவர். ஓட்டுவது நூம்பல்காரர். வண்டி திரும்பி வந்து மனையில் நின்றால் நூம்பல்காரரும் அணைக்க மாட்டார். "யக்கா!" என்று ஒரு குரல் கொடுப்பார். நான் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போவேன். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

எங்களுக்குள் இதற்கென்று ஒரு பேச்சு உண்டாகிவிட்டது. வடிக்கிற பானை, வடித்த பானை, ஆவி பறக்கிற டீ, குடிக்கிற பதத்து டீ, பிள்ளைக்கு ஊற்றுகிற தண்ணீர். நான் ஒன்றைச் சொல்வேன், அவர் முள்ளைப் பார்ப்பார். "ஒத்துப்போவுது" என்பார். ஒருதடவை நான் அவசரத்தில் "சூடா கீது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பின்னாலேயே வந்து, "எந்த சூடு? ஒயுங்கா சொல்லிட்டுப் போ" என்று நிறுத்தினார்.

தினமும் படுக்கும் முன் அவர் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது என் வேலை. அவருக்குத் தெரியாமல் கல் குத்தியிருக்கும், கீறியிருக்கும். முதலில் காலை இழுத்துக்கொள்வார், பொண்டாட்டி காலைப் பிடிப்பதா என்று. இப்போது தானே நீட்டிவிடுகிறார். டீ டம்ளரைக் கொடுத்தால் கையில் வாங்கிக் கன்னத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார். கைக்குத் தெரியாதது கன்னத்துக்கு நன்றாகத் தெரிகிறது என்று எப்போது கண்டுபிடித்தாரோ, என்னிடம் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் மழையில் நனைந்து எனக்குத் தலைவலி. உள்ளே சுருண்டு படுத்திருந்தேன். அவர் வந்தார். பழக்கதோஷத்தில் கை என் நெற்றிக்கு வந்தது. பாதி வழியில் நின்றது. அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். பிறகு கட்டிலில் கையை ஊன்றி, குனிந்து, தன் கன்னத்தை என் நெற்றியில் வைத்தார்.

இரண்டு நாள் தாடி குத்தியது. எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவர் முகம் அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. ஹோஸ்மேல் கை வைக்கும்போது மூடுவாரே, அதே மாதிரி கண்ணை மூடியிருந்தார்.

மனையில் வண்டி வந்து நின்று உறுமுகிற சத்தம் எங்கள் இரண்டு பேர் காதிலும் விழவில்லை. நூம்பல்காரர் குரல்தான் விழுந்தது.

"யக்... மாமே! பட்டப்பகல்ல! கதவ வேற தொறந்து வெச்சிகினு!"

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் கன்னத்தை எடுக்கவில்லை.

"இர்றா" என்றார். "சொல்லட்டும்."

நூம்பல்காரர் மழைத்தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலிலேயே, வேறு பக்கம் திரும்பி நின்றார்.

"லேசா கீது" என்றார் என் வீட்டுக்காரர் நிமிர்ந்து. "மாத்திர போட்டுகினு படு."

"வண்டிக்கு யாரு பாக்கறது?"

அவர் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், யோசித்தார்.

"செரி, அத்த பாத்துட்டு வந்து படு" என்று குடையை எடுத்தார்.